உப்பும் ஒளியும் ஒரு குடும்பப் படமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பயணம் செய்யும் குடும்பங்கள் பல, மரக்காணத்தை அடைந்ததும் வண்டியை நிறுத்துகின்றன. புதுவைக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில், உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. வரப்பு கட்டிய பாத்திகளில் வானம் முகம் பார்க்கிறது. ஓரங்களில் வெண்குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. இக்காட்சியைக் கண்ட பெற்றோருக்குப் பிள்ளைகளை அங்கே நிறுத்திப் படம் எடுக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் வீடு திரும்பிப் பார்த்தால், கண்களை இடுக்கிய முகங்களும், கருத்துப்போன முகங்களும், அழும் முகங்களுமே பெரும்பாலும் மிஞ்சுகின்றன.

இதற்குக் காரணம் குழந்தைகளின் பிடிவாதமன்று. நாம் தேர்ந்தெடுக்கும் வேளையே. நண்பகலில் மேலிருந்து வெயில் காய்கிறது. கீழிருந்து உப்பு அவ்வொளியைத் திருப்பி வீசுகிறது. பெரியவர்களுக்கே கண் கூசும் அவ்விடத்தில் மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு சிரிக்கும்? மேலும், எங்கும் வெண்மையைக் காணும் படக்கருவி, வெளிச்சம் மிகுதி என்று எண்ணிப் படம் முழுவதையும் இருளச் செய்துவிடுகிறது. கைபேசியில் எடுப்போர், திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் இக்குறை நீங்கும்.

ஆதலால் கதிரவன் தாழ்ந்திருக்கும் காலை ஏழு மணியோ, மாலை ஐந்து மணியோ தக்கது. உப்புக் குவியலின் நிழலில் குடும்பத்தை நிறுத்தினால் இன்னும் நன்று. நேர்வெயில் முகத்தில் படாது. சுற்றிலுமுள்ள வெண்மையிலிருந்து மென்மையான ஒளி வந்து முகங்களில் படியும். வெள்ளையாடை வெண்மையில் கரைந்துவிடும். பழகிய, வண்ணமுள்ள பருத்தியாடையே போதும். உறங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிள்ளையே படத்துக்கு ஏற்ற பிள்ளை. உப்புப் பரல் பாதத்தைக் குத்தும்; உப்புக் கை கண்ணில் பட்டால் எரியும். எனவே காலணியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் மறவாமல் உடன் இருக்கட்டும்.

பாட்டியை நடுவில் அமர்த்தி, கைக்குழந்தையை அவர் மடியில் வைப்போம். படம் எடுப்பவர் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனியட்டும். "சிரி, சிரி" என்று அதட்டுவதைவிட, பாட்டி ஒரு கதை தொடங்குவது மேல். பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்வோம். அதற்குமேல் பிள்ளையின் பொறுமையைச் சோதிப்பது முறையன்று.

மற்றொன்றும் நினைவில் இருத்தத் தக்கது. உப்பளம் வேடிக்கைத் திடலன்று, பலருடைய பிழைப்பு. வடகிழக்குப் பருவமழை வந்தால் அங்கே வேலை நின்றுவிடும். வெயிற்காலத்து உழைப்பே அவர்களுடைய ஆண்டு வருவாய். அனுமதி கேட்டு வரப்பின்மீது மட்டும் நடப்போம். சேற்றுக் காலோடு பாத்தியில் இறங்கி அவர்கள் உப்பைக் கெடுக்க வேண்டா. அவர்களைக் கேளாமல் நம் படத்துக்குப் பின்னணியாக்கவும் வேண்டா. அவர்கள் விரும்பினால், அவர்களுடைய குடும்பத்தையும் படமெடுத்து, அச்சிட்டு அனுப்புவோம். அது சிறிய அன்புப்பணி. ஆனால் அவ்வீட்டுச் சுவரில் பல்லாண்டு நிற்கும்.

உப்புக்கும் புகைப்படத்துக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்து நாட்டு ஃபாக்ஸ் டால்பட் என்பார் 1839-இல் உலகுக்கு அறிவித்த முறையில், தாளை உப்புநீரில் நனைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினார். ஒளி பட்ட இடம் கருத்தது, உருவம் பதிந்தது. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் தம் சீடர்களுக்கு உவமையாக அடுத்தடுத்துச் சொன்னவையும் உப்பும் ஒளியுமே அல்லவா? உப்பு பொருளைக் கெடாமல் காக்கிறது; ஒளி அதைக் காட்டுகிறது. குடும்பப் படம் செய்வதும் இவ்விரண்டுமே.

அதன் அருமையை இக்கடற்கரை கண்ணீரோடு கற்றது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடிய அக்காலையில் ஆழிப்பேரலை எழுந்தது. தமிழகக் கடலோரத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் உற்றாரை இழந்தன. வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு படங்களும் போயின. இறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படமேனும் இல்லாத தாயின் துயரை என்னென்பது!

ஆகவே, எடுத்த படத்தைக் கைபேசியிலேயே உறங்கவிடாமல் அச்சிடுவோம். பின்புறத்தில் பெயர்களையும் நாளையும் இடத்தையும் எழுதுவோம். ஒரு படியை நம் வீட்டிலும், மற்றொன்றைக் கடலுக்கு எட்டாத உறவினர் வீட்டிலும் வைப்போம். படம் நனைந்துவிட்டால் தேய்க்காமல், தூய நீரில் மெல்ல அலசி, முகம் மேலாக நிழலில் உலர்த்துவோம்.

ஆண்டுதோறும் திருக்குடும்பத் திருநாளன்று, கோவிலிலிருந்து வந்தவுடன் வீட்டு வாயிலிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே. மரக்காணம் போக வாய்க்காதோரும் இதைச் செய்யலாம். பிள்ளைகள் வளர்வர், முதியோர் இறைவனடி சேர்வர். இன்று எல்லாரும் ஒன்றாக நின்றோம் என்பதற்கு அப்படம் சாட்சி கூறும்.