பொருளாதார மந்தமும் பிரயாணமும்

வருவாய் குறைந்த வீட்டில் முதலில் நிற்பது யாது? அடுப்பன்று, விளக்கன்று, ஊர்ப்பயணமே. அரிசியும் துணியும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் தள்ளற்கரியன. மலைவாசமோ அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைக்கத் தக்கது. ஆதலின் உலகில் பொருளாதார மந்தம் தோன்றுங்கால், அதன் நிழல் விரைந்து விழுவது பிரயாணிகளை நம்பி வாழும் ஊர்களின்மீதாகும். நூலிற் கற்ற இவ்வுண்மையை யாம் ஒருவர் வாய்மொழியாற் கேட்டுணர்ந்தது நீலகிரியின் வடபாலுள்ள தெப்பக்காட்டிலே.

தெப்பக்காடு முதுமலைக் காட்டினுள் மாயாற்றங்கரையில் அமைந்த சிற்றூர். மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியே வரும் சாலை இங்கே இரண்டாய்ப் பிரிகின்றது. ஒன்று கூடலூர் வழியாகவும், மற்றொன்று மசினகுடி, கல்லட்டி வழியாகவும் உதகமண்டலம் சேரும். வனத்துறையாரின் யானை முகாமும் இங்கேதான் உளது. ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்து உருட்டிய கவளங்களை யானைகளுக்கு ஊட்டும் காட்சியைக் காண மக்கள் திரண்டு வருவர்.

பிரயாணம் இருவகைத்து: தொழில் நிமித்தமானது ஒன்று, மனமகிழ்ச்சிக்கானது மற்றொன்று. முன்னதன் செலவை ஏற்பது கம்பெனி. நல்ல காலத்தில் கட்டணம் உயர்ந்தாலும் கம்பெனி பொருட்படுத்தாது. தீய காலத்திலோ மேலதிகாரியின் ஓர் உத்தரவால் நூறு பேரின் பயணம் ஒரே நாளில் நின்றுவிடும். அன்றியும், ஒருமுறை நின்ற தொழிற்பயணம் முழுவதும் மீள்வதில்லை. நேரிற் செல்லாமலே காரியம் முடியும் என்பதைக் கம்பெனி கண்டுகொள்கிறது. குன்னூர்த் தேயிலை ஏலம் இன்று மின்வழியே நடைபெறுகின்றமையால், வாங்குவோர் மலையேறி வந்து ஏலக்கூடத்தில் அமர வேண்டிய அவசியம் ஒழிந்தமை காண்க.

மனமகிழ்ச்சிப் பயணத்தின் இயல்பு வேறு. அது சுருங்குமேயன்றி எளிதில் மடியாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது மனித இயற்கை. கடல் கடந்து செல்லக் கருதியவன் அண்டை மலைக்குச் செல்கிறான்; மூன்று இரவு தங்க எண்ணியவன் அன்றே திரும்புகிறான்.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முற்றிய நிதி நெருக்கடி இதற்குத் தக்க சான்றாகும். 2009இல் உலகெங்கும் அயல்நாடு சென்றோர் தொகை நூற்றுக்கு 4 வீதம் குறைந்தது. இந்தியாவிற்கு வந்த அயல்நாட்டார் 2008இல் ஏறத்தாழ 53 இலட்சம். 2009இல் 52 இலட்சத்திற்கும் கீழே. 2008 நவம்பரில் பம்பாயில் நிகழ்ந்த கொடிய தாக்குதலும் இக்குறைவுக்கு ஒரு காரணமாதலைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. ஆயினும் அதே காலத்தில் உள்நாட்டுப் பயணங்கள் 56 கோடியினின்று 66 கோடிக்கு மேல் உயர்ந்தன என்பது அரசாங்கக் கணக்கு. நம் நாட்டில் அன்று வளர்ச்சி குன்றியதேயன்றி அடியோடு வீழவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எனின், தெப்பக்காட்டுச் சாலையில் வாழ்வோர்க்குக் குறையேதும் இல்லையோ? மசினகுடியைச் சேர்ந்த ஜீப் ஓட்டுநர் ஒருவரை இதுபற்றி வினவினோம். “கூட்டம் குறையலைங்க. ஆனா பெங்களூர்க் கம்பெனி ஆளுங்க வர்றது நின்னு போச்சு. குடும்பமா வர்றவங்க யானையைப் பார்த்துட்டு, கட்டுச்சோத்தைத் தின்னுட்டு, அன்னிக்கே கிளம்பிடுவாங்க. வண்டிக்கு வாங்கின கடன் மட்டும் மாசாமாசம் நிக்காம வந்துதுங்க” என்றார். இவ்விடையிற் பொருளாதாரப் பாடம் ஒன்று அடங்கியுளது. வருவோர் தலையை எண்ணுவது எளிது. அவர் விட்டுச்செல்லும் காசை எண்ணுவதே உண்மைக் கணக்கு. தங்காத விருந்தினனால் விடுதிப் பணியாளனுக்கும் சலவைக்காரனுக்கும் ஜீப் ஓட்டுநனுக்கும் பயனில்லை.

முகாமின் நிலையோ வேறு. யானைக்குத் தீனியும் பாகர்க்கும் காவடியர்க்கும் ஊதியமும் அரசு தருவது. 2020இல் பெருந்தொற்றினால் நாடு அடைபட்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வீழ்ந்த காலத்தும், பார்ப்பார் ஒருவரும் இன்றியே யானைகள் கவளம் உண்டன. சாலையோரத்துக் கடைக்காரனுக்கோ அவ்வுறுதி இல்லை. ஒரே ஊரில், ஒரே காட்டினருகில், ஒருவர்க்கு நிலையான படியும் மற்றவர்க்கு நிலையற்ற கூலியும் ஆயின.

இதனால் கூட்டத்தை வரம்பின்றிப் பெருக்குக என்று யாம் சொல்லவில்லை. காட்டிற்கும் மலைக்கும் தாங்கும் அளவுண்டு; நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் மின்வழி அனுமதிச் சீட்டு ஏற்பட்டதும் அதுபற்றியே. பலர் வந்து ஓடுவதினும் சிலர் வந்து தங்குவதே காட்டிற்கும் ஊருக்கும் நன்று. நற்காலத்து வருவாயிற் சிறுபகுதியைச் சேர்த்து மந்த காலத்தில் உதவும் கூட்டுறவு நிதியொன்று ஓட்டுநரிடையும் விடுதிப் பணியாளரிடையும் வேரூன்றுமாயின், அடுத்த மந்தத்தை அவர் கடன்காரனின் தயவின்றிக் கடப்பர்.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் நாளை கம்பெனிகளில் அமர்ந்து பயணச் செலவைக் குறைக்கும் உத்தரவுகளில் கையொப்பமிடக் கூடும். அவ்வுத்தரவு நியாயமானதாகவும் இருக்கலாம். ஆயினும் ஏட்டில் அடிக்கப்படும் அவ்வொரு வரிக்கு அப்பால், மாயாற்றங்கரையில் ஒருவன் தன் ஜீப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு சாலையை நோக்கி நிற்கின்றான் என்பதை மறவாதிருப்போமாக.