முயல் கறியும் மால்ட்டா தீவும்

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் கிடக்கும் சிறு தீவு மால்ட்டா. கி.பி. 870இல் அரபிகள் வென்ற நாடு அது. இன்று அம்மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆயினும் அவர்கள் பேசும் மொழி அரபியின் வழிவந்ததே.

அவர்களது தேசிய உணவு முயல் கறி. ஜூன் 29ஆம் நாள் ‘இம்னார்யா’ பெருவிழாவில், புஸ்கெட் தோப்பில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து உண்பர். 1530 முதல் தீவை ஆண்ட புனித யோவான் வீரர்கள் முயல் வேட்டையைக் கட்டுப்படுத்தினர். 1775இல் பாதிரிமார் கிளர்ந்தெழுந்ததற்கு வேட்டைத் தடையும் ஒரு காரணம். ஏழைக்கு மறுக்கப்பட்ட கறி, பின்னாளில் நாட்டின் பெருமையாயிற்று.

இங்கிலாந்தில் நிலை வேறு. உலகப்போர்ப் பஞ்சத்தில் விரும்பி உண்ட மக்கள், 1953இல் முயல்களிடையே கொள்ளைநோய் பரவிய பின் முகம் சுளித்தனர். இன்று பலருக்கு அது குழந்தைகளின் செல்லப்பிராணி. எகிப்திய இல்லங்களிலோ முலூக்கிய்யா கீரையோடு சமைத்த முயல் விருந்துணவு.

அபூதல்ஹா (ரலி) முயலை அறுத்து அதன் தொடைகளை அனுப்ப, நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நான்கு மத்ஹபுகளிலும் அது ஹலாலே. ஆனால் மால்ட்டாவில் முயலைச் சிவப்பு மதுவில் ஊறவைத்துச் சமைப்பது வழக்கம். பிராணி ஹலாலாக இருப்பதுடன் அறுப்பும் சமையலும் ஹலாலாக வேண்டுமன்றோ! அங்குச் செல்வோர் விசாரித்து உண்பதே பேணுதல்.