இடமாறிய உள்ளுறுப்புக்கள்

மக்கள் யாக்கை புறத்தே வலமும் இடமும் ஒத்துத் தோன்றும். அகத்தே அங்ஙனமன்று. இருதயத்தின் முனை இடப்புறஞ் சாய்ந்திருக்கும். கல்லீரல் வலப்புறத்தும், இரைப்பையும் மண்ணீரலும் இடப்புறத்தும் அமையும். ஏறக்குறையப் பதினாயிரவருள் ஒருவர்க்கு இவ்வமைப்பு முழுவதும் கண்ணாடியிற் காணும் உருவம்போல் மாறிநிற்கும்.

1788-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து மருத்துவர் மாத்தியூ பெய்லி என்பார், அறுத்துப் பார்த்த ஓர் ஆடவன் உடலில் இம்மாற்றத்தைக் கண்டு விரித்தெழுதினார். அக்காலத்து இஃது இறந்தபின்னரே பெரும்பாலும் வெளிப்படுவதாயிற்று. 1895-இல் ஜெர்மனி நாட்டு ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டபின், உயிருடையார் அகமும் காணக்கிடைத்தது. இருமல் பற்றியோ, வேலைக்கு வேண்டிய சோதனை பற்றியோ படமெடுக்கும்போது, ஒருவர் தம்முள் இருந்ததனை முதன்முறையாக அறிகின்றார். படம் பார்ப்பவரோ, அது புறந்திருப்பி வைக்கப்பட்டதோவென முதற்கண் ஐயுறுவர். அவ்வையம் நீக்குதற்பொருட்டே படத்திற் பக்கக்குறி இடுவது. குறி செவ்விதாயின், மாறியது படமன்று, உடலே என்பது துணிபாம்.

இச்செய்தி கேட்டவர், ஐம்பதாண்டு குறைவற வாழ்ந்தவராயினும், அன்றிரவு மார்பின்மீது கைவைத்துத் துயிலாதிருத்தல் கூடும். அவர் அஞ்சவேண்டுவதில்லை. உறுப்புக்கள் அனைத்தும் ஒருங்கே மாறியவிடத்து அவற்றின் இயைபு பெரும்பாலும் கெடுவதில்லை. குருதியும் தன்வழியே செல்லும். சில மாறிச் சில மாறாதிருப்பதே இருதயக் குற்றங்களோடு பெரிதும் கூடிவருவது. ஆதலின் கேடு பயப்பது பக்கம் மாறுதலன்று, இயைபு கெடுதலேயாம்.

ஆயினும் ஆராயவேண்டுவதொன்றுண்டு. இடமாற்றத்துடன் ஓயாத சளியும் இருமலும் சிலர்க்கு உடனிகழ்வதை 1933-இல் சூரிச்சு நகரத்துக் கார்த்தகெனர் எடுத்துரைத்தார். மூச்சுவழியிற் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் இவர்பால் செவ்வனே அசையாமையே காரணமென்பதை 1976-இல் சுவீடன் நாட்டு அப்சீலியசு விளக்கினார். கருவிலும் அத்தகைய நுண்மயிர்கள் சுழன்று நீரை இடப்பக்கம் ஒழுகச்செய்தலானே வலம் இடம் வரையறைப்படுமென்பது, 1998-இல் சப்பான் நாட்டார் எலிக்கருவிற் கண்டது. அவ்வொழுக்கு நிகழாவிடின் உறுப்புக்கள் இருபுறத்துள் எப்புறமும் அமையலாம்.

நோயின்றியிருப்பார்க்கும் ஒரு கடமையுண்டு. குடல்வால் அழற்சியின் வலி பிறர்க்கு அடிவயிற்றின் வலப்புறத்தே நிற்க, இவர்க்கு இடப்புறத்தே தோன்றலாம். மருத்துவர் வேறுநோயெனக் கருதிக் காலந்தாழ்த்தின் குடல்வால் வெடித்து உயிர்க்கு இறுதியாதலுங் கூடும். இருதயத்தின் மின்வரைபடமும் வழக்கமான இடங்களிற் பட்டம் பொருத்தி எடுப்பின் பிறழக் காட்டும். ஆகவே இதனையறிந்தவர் தம் இல்லத்தார்க்கு உரைத்து, எழுதிய குறிப்பொன்றையும் உடன்வைத்து, மருத்துவரைக் காணுந்தோறும் முதலிற் கூறுக. பேசவியலாத நிலையில் அவர்க்காகப் பேசுவது அக்குறிப்பேயாம்.