அந்த ஓட்டம் யாருடையது?

ஊரப்பாக்கம் ரயில் நிலையச் சாலையில் நாங்கள் கூடும் டீக்கடையில் அரசியல் பேச்சுகூட அரை மணியில் அடங்கிவிடும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வீடியோ கேமில் எந்தப் பாகம் உசத்தி என்று யாராவது வாயைத் திறந்தால் மட்டும், கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் ஓயாது. எங்களுக்குள் நாலு கட்சி. சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் நண்பருக்கு 2003இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்'தான் எல்லாம். பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பிக்கு 2024இல் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்'. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் 'வாரியர் விதின்' கட்சி. அதுவும் கம்ப்யூட்டரில் ஆடியது இல்லை; கேம்லாஃப்ட் கம்பெனி பட்டன் போனுக்காகச் செய்த ஜாவா பதிப்பு. "ரெண்டு இன்ச் திரையில அந்தத் தஹாக்கா அரக்கன் துரத்துனப்போ எனக்குக் கை வேர்த்துச்சு சார், உங்களுக்கு வேர்த்துச்சா?" என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

என் கட்சி 1989. முதல் ஆட்டம். கட்சியில் நான் ஒருவன்தான்.

கொஞ்சம் விலகி நின்று கேட்டால் ஒன்று புரியும். அவரவர் கையில் அந்த வயதில் என்ன சாதனம் இருந்ததோ, அதில் ஓடிய பாகமே அவரவருக்கு உசத்தி. சிறுசேரிக்காரர் வீட்டில் அப்போது கிராபிக்ஸ் கார்டு இருந்தது, சர்வீஸ் கடைக்காரருக்கு அண்ணன் கழித்துக் கொடுத்த நோக்கியா. இதை நான் சொன்னபோது, "அப்போ நீங்க பழசைப் பிடிச்சுத் தொங்குறதும் அதனாலதானே அண்ணா?" என்று பொத்தேரித் தம்பி மடக்கினான். அவனுக்குக் காட்ட என் போனிலேயே முதல் ஆட்டத்தை ஓடவிட்டேன். உதட்டைப் பிதுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "படம் எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு, ஆனா ஓடுறது மட்டும் நிஜ ஆள் மாதிரி இருக்கே. யாரைப் பார்த்து வரைஞ்சாங்க?" என்றான்.

எத்தனையோ முறை ஆடிய ஆட்டம். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தொண்ணூறுகளில் தாம்பரத்துப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில்தான் இளவரசன் எனக்கு அறிமுகம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே ஏ.சி., திரையில் கறுப்பும் வெள்ளையும். டாஸ் திரையில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து எண்டர் தட்டினால் சீட் வேலை செய்யும். ஷிஃப்டும் எல்லும் சேர்த்து அழுத்தினால் அடுத்த லெவல். சார் வருவதற்குள் கடைசிக் கதவைப் பார்த்துவிடலாம். இந்த ரகசியம் லேபுக்கு லேப் எப்படிப் பரவியதோ, எல்லாப் பையன்களுக்கும் தெரிந்திருந்தது. செய்தவர் பெயர் ஆட்டம் தொடங்கும்போதே திரையில் வரும். அதைப் படிக்கும் பொறுமை யாருக்கு இருந்தது? எங்களிடம் இருந்தது பூட்டு உடைத்த காப்பி. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு முதல் லெவல் தாண்டியதும் ஒரு சோதனை உண்டு: கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட சொல்லின் முதல் எழுத்தைக் கண்டுபிடித்து, அந்த எழுத்து போட்ட குப்பியைக் குடிக்க வேண்டும். எங்களுக்குக் கையேடும் இல்லை, சோதனையும் இல்லை.

அந்தப் பழைய பிளாப்பியிலிருந்தே தேடலைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். லேபிலிருந்து காப்பி எடுத்து வைத்திருந்த நண்பர் முடிச்சூரில் இருக்கிறார். "2015 டிசம்பர் தண்ணியில பீரோவே போச்சு, பிளாப்பியைக் கேக்குறியா?" என்றார். ரிச்சி தெருவில் விசாரித்தேன். ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டார்; பிளாப்பி கிடைத்தாலும் அதைப் படிக்க டிரைவ் எங்கே என்றார். நியாயம்தான்.

பதில் கடைசியில் வேறு வழியாகக் கிடைத்தது. ஆட்டத்தைச் செய்த ஜோர்டான் மெக்னர் 1985 முதல் 1993 வரை எழுதிய நாட்குறிப்புகள் புத்தகமாக வந்திருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்ற ஆட்டத்தை எழுதி, 1984இல் பிராடர்பண்ட் கம்பெனி மூலம் வெளியிட்டுப் பெயர் வாங்கியவர் மெக்னர். அடுத்த ஆட்டத்துக்கு 1985இல் அவர் பிடித்த ஆள், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தன் தம்பி டேவிட். நியூயார்க் மாநிலத்தில் சாப்பகுவா என்ற ஊர். அங்கே ரீடர்ஸ் டைஜஸ்ட் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடம். தம்பிக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, ஓடு, குதி, ஏறு, தொங்கு என்று சொல்லி வீடியோ எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேலை. வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, டி.வி. திரையை ஸ்டில் கேமராவால் படம் பிடித்து, பிரிண்ட் போட்டார். ஒவ்வொரு பிரிண்டிலும் உடம்பைச் சுற்றிக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளை மையாலும் உருவத்தைப் பிரித்தெடுத்தார். அதை ஜெராக்ஸ் எடுத்து, மறுபடி கேமரா வழியாக ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பிறகு புள்ளி புள்ளியாகத் திருத்தல். திரும்பி ஓடும்போது அந்தப் பொம்மை ஒரு கணம் கால் சறுக்கி நிற்கிறதே, அது ஒரு பள்ளிப் பையனின் உடம்பு. தாண்டிக் குதித்துத் தரையில் இறங்கும்போது முழங்கால் மடங்குவதும் அவனுடையதே.

வாள் சண்டைக்குத் தம்பியை நம்பிப் பயனில்லை. 1938இல் வந்த 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தின் கடைசிச் சண்டையில், எரால் ஃப்ளினும் பேசில் ராத்போனும் கேமராவுக்குச் சரியாகப் பக்கவாட்டில் நிற்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளிலிருந்தே மொத்தச் சண்டையையும் எடுத்துவிட்டார். இசைக்கு அப்பா: உளவியலாளரான பிரான்சிஸ் மெக்னர். ஆக, பாரசீக இளவரசனின் அரண்மனை என்று நாங்கள் வாய் பிளந்து பார்த்ததில் பாதி, ஒரு குடும்பம் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தது.

எனக்கு அதைவிடப் பிடித்த சேதி நிழல் மனிதன் பிறந்த கதை. ஓட்டமும் தாவலுமே ஆப்பிள் டூவின் நினைவகத்தைத் தின்றுவிட்டன. எதிரி என்று இன்னொருவனை வரைந்து வைக்க இடமில்லை. உடன் வேலை பார்த்த தோமி பியர்ஸ் சண்டை வேண்டும், சண்டை வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். மெக்னர் என்ன செய்தாரென்றால், இளவரசனின் அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி, 'எக்ஸார்' என்ற கணக்கின் வழியே அதன் மீதே போட்டார். மினுமினுக்கும் ஓர் உருவம் வந்தது. புதிய படம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. எதிரிக் காவலர்களுக்கு இடம் பண்ணியது பிறகுதான்.

ஆடியவர்களுக்கு அந்த நிழல் செய்யும் சேட்டை தெரியும். நாலாவது லெவலில் திடீரென்று ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடிவந்து தாவினால் நாம் ஒரு பக்கம், அவன் மறுபக்கம். நம் உயிரைக் காட்டும் முக்கோணங்களில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஐந்தாவதில் நமக்கு இருந்த மருந்தை அவன் குடித்துவிடுவான். ஆறாவதில் கதவை மூடி நம்மைக் கீழே விழ வைப்பான். பன்னிரண்டாவதில் நேருக்கு நேர் வாளோடு நிற்பான். வெட்டினால் நம் உயிரும் சேர்ந்து குறையும். லேபில் நாங்கள் செத்துச் செத்து விழுந்த இடம் அது. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதன் பிறகு வெறும் பள்ளத்தில் கால் வைத்தால் கல் தானாக முளைக்கும். நினைவகப் பஞ்சத்தில் பிறந்தவன் கதைக்கே உயிராகிவிட்டான். பின்னால் வந்த எந்தப் பாகத்திலும், எத்தனை கோடி கொட்டியும், இதற்கு ஈடாக ஒரு காட்சி இல்லை என்பது என் கருத்து.

சிறுசேரி நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் தரப்பும் லேசுப்பட்டதில்லை. 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' யூபிசாஃப்ட் கம்பெனியின் மான்ட்ரியல் ஸ்டூடியோவில், பத்ரீஸ் டெசிலே தலைமையில் உருவானது. கதை எழுதியது மெக்னரேதான். தவறி விழுந்தால் குறுவாளைக் கொண்டு நேரத்தைப் பின்னுக்கு இழுக்கலாம். கதை தொடங்குவதும் இந்தியாவில், ஒரு மகாராஜாவின் கோட்டையில். நாயகி ஃபாரா அந்த மகாராஜாவின் மகள். ஆனால் அடுத்த வருடமே வந்த 'வாரியர் விதின்' முறைப்பும் ரத்தமுமாக மாறியது தனக்கு உவப்பில்லை என்று மெக்னர் வெளிப்படையாகவே சொன்னார். சர்வீஸ் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு என்ன தெரியும்?" என்றார்.

'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை நம் நாட்டுக்கே வந்தது. 2020 செப்டம்பரில் யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள் செய்வதாக அறிவித்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் படத்தின் தரத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2022இல் வேலை மான்ட்ரியலுக்கே திரும்பியது. 2026 ஜனவரியில் ரத்து என்று அறிவித்தார்கள். அந்த ஒரு நாள் எங்கள் கடையில் நாலு கட்சியும் சண்டை போடவில்லை.

தேடலில் கடைசியாகக் கிடைத்தது இது. முதல் ஆட்டத்தின் மூல நிரல் பல வருடங்கள் மெக்னரிடமே இல்லை. தொலைந்தது என்றே விட்டுவிட்டார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஒரு பெட்டியில் பழைய டிஸ்க்குகள் கிடைத்தன. பழைய கம்ப்யூட்டர்களைப் பாதுகாப்பவர்கள் வந்து, அந்தக் காலத்து மெஷினிலேயே போட்டு மீட்டார்கள். அந்த ஏப்ரலிலேயே அவர் அதை கிட்ஹப்பில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டார். பொத்தேரித் தம்பி அதை இறக்கி, இரண்டு நாள் அசெம்பிளி மொழியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தான். அவன் ஓட்டு இன்னும் 'லாஸ்ட் கிரவுனு'க்குத்தான். ஆனால் இப்போது 1989க்கு இரண்டாம் இடம் கொடுக்கிறான்.

காந்தத் தட்டில் எழுதியது நிரந்தரமில்லை. சும்மா கிடந்தாலும் அழிந்துகொண்டே போகும். முடிச்சூர் பிளாப்பிக்கு வெள்ளம் ஒரு சாக்கு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிளாப்பியோ, பர்மா பஜாரில் வாங்கிய சிடியோ, ஜாவா கேம் ஏறிய பட்டன் போனோ கிடந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் உள்ளே இருப்பதை ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.