கரண்ட்காரனுக்குக் கரண்ட்

மூன்று மாதமாக இங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்ன என்று நாலைந்து நண்பர்கள் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டிக்குத்தான். ஐப்பசிக் கடைசியில் வலது முட்டியை மாற்றிக்கொண்டேன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

வந்த மூன்றாவது வாரம். எங்கள் வீட்டில் கொல்லைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். வாக்கரை கீழே வைத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ஆபரேஷன் ஆன காலை முதலில் இறக்கி, பாரத்தைப் போட்டேன். கால் இல்லை. வலிக்கவில்லை, வழுக்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் கால் இல்லாதது போல மடங்கிவிட்டது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரம்மா அக்குளில் கைகொடுத்துத் தாங்கியதால் தலை தப்பியது. ஆனால் அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பத்து நாள் கட்டுப் போட்ட கையோடு, ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டாக்டரிடம் காட்டினோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூட்டு நல்லா இருக்கு. தொடைதான் தூங்குது" என்றார். பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். அப்படித்தான் நம் ஊரிலேயே ஒரு சின்ன கிளினிக்குக்கு வாரம் மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தேன். அங்கே இருந்தது என் பேத்தி வயதை ஒட்டிய ஒரு பெண்.

படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். "துண்டைக் கீழ அமுக்குங்க ஐயா."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்மா."

அவள் என் தொடையில் கை வைத்துப் பார்த்தாள். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. நான் மூச்சைப் பிடித்து அமுக்குகிறேன், முகம் சிவக்கிறது, அங்கே ஓர் அசைவும் இல்லை. முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் அளந்து குறி போட்டு, டேப்பால் சுற்றளவு எடுத்தாள். இடது தொடையைவிட வலது தொடை மூன்று சென்டிமீட்டர் குறைவு.

ஏன் இப்படி என்று அவள் சொன்ன விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் நான். முட்டிக்குள் வெட்டுப்பட்டு வீங்கியதும், அங்கிருந்து நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குச் சேதி போகிறது. முதுகுத்தண்டு அந்த மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து, தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. தசை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, மூளை கட்டளை கொடுக்கிறது, தசை மட்டும் இழுக்கவில்லை. எங்கள் பாஷையில் ரிலே டிரிப். லைன் நன்றாக இருக்கும், சப்ளை நன்றாக இருக்கும், பிரேக்கர் மட்டும் குளோஸ் ஆகாது. முட்டி மாற்றியவர்களுக்கு முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் மேல் போய்விடுகிறதாம். என் கால் மட்டும் தனியாகக் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

"கரண்ட் வச்சு எழுப்பிடலாம் ஐயா" என்றாள். நிம்மதி போய்விட்டது.

இங்கே ஒரு பழைய கதை. 1973இல், வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், ஒரு வயர்மேனிடம் எடுபிடியாக இருந்தேன். செம்போடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் மோட்டார் கொட்டகை. மழை பெய்து தரையெல்லாம் ஈரம். மோட்டாரின் இரும்புக் குழாயைப் பிடித்தேன், கை மூடிக்கொண்டது. நான் பிடித்திருக்கவில்லை, குழாய்தான் என்னைப் பிடித்திருந்தது. விரலைத் திற திற என்று மனசு கத்துகிறது, விரல் இன்னும் இறுக்குகிறது. வாயும் திறக்கவில்லை. வயர்மேன் அண்ணன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து மெயினை இறக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு விரலில் தழும்பு இன்றும் இருக்கிறது.

இதற்குக் காரணம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கையை மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிட வலுவானவை. கரண்ட் இரண்டையும் சேர்த்து இழுக்கும்போது மூடுவதுதான் ஜெயிக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டால்ஸீல் என்றொரு பேராசிரியர் சென்ற நூற்றாண்டின் நடுவில் ஆட்களை வைத்தே அளந்து பார்த்திருக்கிறார். பிடித்ததை விட முடிகிற எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. வீட்டு மெயின் போர்டில் இன்று 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகிற கருவி மாட்டுகிறோமே, அதற்கு வழிபோட்டவர்களில் அவரும் ஒருவர்.

அப்பேர்ப்பட்ட என்னிடம் அந்தப் பெண் பஞ்சுத் திண்டுகளைத் தண்ணீரில் நனைத்துத் தொடையில் இரண்டு இடத்தில் வைத்துக் கட்டுகிறாள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். உப்புக் காற்றில் இன்சுலேட்டர் மேல் உப்புப் படிந்து, பனி விழுந்த விடியற்காலையில் சடசடவென்று பொறி பறப்பதைப் பார்த்துப் பார்த்து, ஈரமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். அவளோ, "காஞ்ச தோல்ல வச்சாத்தான் ஐயா சுறுசுறுன்னு எரியும்" என்கிறாள். அதுவும் சரிதான்.

வைப்பதற்கு முன்னால் நிறையக் கேட்டாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறதா, புற்றுநோய் வந்ததுண்டா. எனக்குச் சர்க்கரை உண்டு என்றதும் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். உணர்ச்சியற்ற தோலில் வைத்தால் புண்ணாவதுகூடத் தெரியாதாம். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் யாராவது உங்கள் காலில் திண்டைக் கட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள் குமிழைத் திருகினாள். எறும்பு ஊர்வது போல் இருந்தது. இன்னும் கொஞ்சம். "போதும்மா" என்றேன். அன்றும் போதும், அடுத்த நாளும் போதும். பத்து நாள் இப்படியே போனது. எறும்பு ஊர்ந்தது, தொடை அசையவே இல்லை. வீட்டில் "எப்படி இருக்கு?" என்றால் "தேவலை" என்பேன். வீட்டுக்காரம்மாவின் மணிக்கட்டைப் பார்க்காமல் சொல்வேன்.

பதினோராம் நாள் அந்தப் பெண் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, கூச்சமா இருக்கிற அளவுக்கு வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. தசை இழுக்கணும். உங்களுக்கு வலிக்குதா, பயமா இருக்கா?"

எழுபது வயது ஆளிடம், அதுவும் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவனிடம், கரண்டுக்குப் பயமா என்று யாரும் கேட்டதில்லை. மாந்தோப்புக் கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அவள் சிரிக்கவில்லை. மிஷினை என் பக்கம் திருப்பி எண்களைக் காட்டினாள். 40 வரை போகணும் என்றாள். நாற்பது மில்லிஆம்பியரா, ஆளைக் கொல்லுமே என்றேன். பிறகு அவள் சொல்ல, நானே கணக்குப் போட்டேன். ஒரு துடிப்பின் அகலம் 300 மைக்ரோ வினாடி. வினாடிக்கு 50 துடிப்பு. அதாவது ஒரு வினாடியில் கரண்ட் உண்மையில் ஓடுவது 15 மில்லி வினாடி, நூற்றில் ஒன்றரைப் பங்கு. இரண்டு திண்டும் ஒரே தொடையில் இருப்பதால் கரண்ட் அங்கேயே போய் அங்கேயே திரும்புகிறது, நெஞ்சுப் பக்கம் வருவதில்லை. அந்த மோட்டார் கொட்டகையில் என் கையை மூடியதும் 50 சுற்றுதான், இங்கே தொடையை இழுக்கப் போவதும் அதே ஐம்பதுதான். ஆனால் அங்கே கை வழியாக ஏறி உடம்பெல்லாம் போய்க் காலால் தரைக்கு இறங்கியது.

கணக்கு சரியாக வந்ததும் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் செய்த வேறொன்றுதான் வேலை செய்தது. குமிழை என் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே ஏத்துங்க. நீங்களே இறக்கலாம்." 1973இல் என்னிடம் இல்லாதது அந்த மெயின் சுவிட்ச்தான்.

22இல் தொடை துடித்தது. 30இல் ஓரத்தில் மட்டும் இழுத்தது. 38இல், நான் ஒன்றுமே செய்யாமல், முட்டிச் சில்லு தானாக மேலே ஏறியது. செத்த கால் எழுந்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது, வலியாலும்தான்.

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நூற்றாண்டில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், கால் மூட்டு வாதக்காரர்களைக் கடற்கரை ஈரத்தில் நிறுத்தி, உயிருள்ள மின் திருக்கையைக் காலடியில் போட்டு, முட்டி வரை மரத்துப் போகும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறார். தொட்டால் கை மரத்துப்போகும் அந்த ஜாதித் திருக்கை நம் கடலிலும் உண்டு. பிறகு இத்தாலியில் கால்வானி செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்து 1791இல் எழுதி வெளியிட்டார். 1977இல் ரஷ்யாவின் யாகோவ் கோட்ஸ் கனடாவின் மான்ட்ரியலுக்கு வந்து, விளையாட்டு வீரர்களுக்குப் பத்து வினாடி கரண்ட், ஐம்பது வினாடி ஓய்வு, பத்து தடவை என்று கொடுத்து நூற்றுக்கு நாற்பது வரை பலம் கூட்டினோம் என்றார். மற்ற நாட்டுக்காரர்கள் செய்து பார்த்தபோது அவ்வளவு வரவில்லை. ஆனாலும் பிசியோதெரபி மிஷின்களில் 'ரஷ்யன்' என்று ஒரு பொத்தான் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த ஐம்பது வினாடி ஓய்வு ஏன் என்று கேட்டேன். நாமாக அசைக்கும்போது தசை நார்கள் முறைபோட்டு வேலை செய்யுமாம், ஒன்று ஓய இன்னொன்று ஏறும். கரண்ட் முறை பார்க்காது. திண்டுக்குக் கீழே அகப்பட்ட நரம்புகளையெல்லாம் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். 2018 நவம்பரில் கஜா புயலடித்து நம் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, நான் ரிட்டையர் ஆகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பையன்களுக்குப் பழைய லைன் எந்த வழி போகிறது என்று காட்டக் கூடவே போனேன். ஷிப்டு கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பத்தில். நாலாம் நாள் நின்றபடியே தூங்கினார்கள். அதேதான் என் தொடையிலும்.

அதனால் கரண்டை மட்டும் நம்பிப் படுத்திருக்க அவள் விடவில்லை. "அது இழுக்கும்போது நீங்களும் உதைக்கணும் ஐயா." மிஷின் இழுக்க, நான் சேர்ந்து அமுக்க, இரண்டு வாரத்தில் குமிழை இறக்கினாலும் தொடை கொஞ்சம் இறுகியது. அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது என்று பழைய பாடம்.

ஒரு வருத்தம். 2012இல் அமெரிக்காவில் கொலராடோவில் முட்டி மாற்றிய 66 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆபரேஷன் ஆன 48 மணி நேரத்திலேயே தொடங்கி, தினம் இரண்டு வேளையாக ஆறு வாரம் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கரண்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்குத் தொடை பலம் சீக்கிரம் திரும்பியது. ஒரு வருஷம் கழித்தும் ஓரளவு மேலாகவே இருந்தார்கள். கரண்டை எவ்வளவு தாங்கினார்களோ அவ்வளவு பலன். நான் ஆரம்பித்ததே ஐந்தாவது வாரம். அதிலும் பத்து நாள் எறும்பு ஊர்ந்ததில் போயிற்று. உங்கள் வீட்டில் யாருக்காவது முட்டி ஆபரேஷன் என்றால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

நான் இதைப் போனில் சொன்னதும் சென்னையில் இருக்கும் மச்சினர் மகன், "மாமா, நானும் அதான் பண்றேன்" என்றான். நனைத்த சட்டை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு உடம்பு முழுக்கக் கரண்ட், இருபது நிமிஷம், ஜிம்முக்குப் போனதற்குச் சமமாம். நடக்க முடிகிறவனுக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எல்லாத் தசையையும் ஒரே நாளில் அளவுக்கு மீறி இழுத்தால் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும். 2016இல் இஸ்ரேல் டாக்டர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே இதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதினார்கள். டி.வி.யில் தொப்பை குறைய என்று விற்கும் பெல்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொன்னேன். "சரி மாமா" என்றான். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

தை அமாவாசை வந்தது. வருஷா வருஷம் சன்னதிக் கடலில் இறங்கி அப்பாவுக்குக் கொடுப்பது வழக்கம். அங்கே சேறு எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், வாலிபன் காலையே பிடித்துக்கொள்ளும். "கடல்ல இறங்கக் கூடாது, ஐயா" என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மகன் குடத்தில் மொண்டுவந்து தலையில் ஊற்றினான். எள்ளும் தண்ணீரும் அங்கேயே விட்டேன்.

எழும்போது நாற்காலியின் கால் மணலில் அழுந்தியிருந்தது. வீட்டுக்காரம்மா கைகொடுக்க வந்தாள், கட்டு அவிழ்த்த அதே கை. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, துண்டை அமுக்குகிற மாதிரி முட்டியை நினைத்துக்கொண்டு எழுந்தேன். கொஞ்சம் ஆடினேன். நின்றுவிட்டேன்.

"ஏங்க, ஈரத்துணியோட நிக்காதீங்க" என்றாள்.

போன வாரம் டேப் எடுத்ததில் ஒன்றரை சென்டிமீட்டர் இன்னும் குறைவு. வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன்.