எண்ணெய் காணாத புஷ்

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் பாதையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் செலுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இயந்திரத்தின் உண்மைக் குணம் தெரியும். சென்ற ஆண்டு அந்த ஏற்றத்தில் என் ராயல் என்ஃபீல்ட் புல்லட் அடிவயிற்றிலிருந்து தட்டத் தொடங்கியது. சிறிது தூரத்தில் நின்றேவிட்டது. எஞ்சினைப் பிரித்துத் திருத்தி நான்கு மாதங்கூட ஆகவில்லை.

அந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்துத் தொழிலாளரின் கைகளில் பிறந்து, ஒரு தோட்டத் துரையைச் சுமந்து, பின்னர் எங்கள் தோட்டப் பாடசாலைத் தலைமையாசிரியரிடம் வந்தது. 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாக என். எம். பெரேரா விளங்கிய காலத்தில், தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு ஆசிரியர் இவ்வண்டியில்தான் செல்வார். பின்னிருக்கையில் துண்டுப்பிரசுரக் கட்டு இருக்கும். அவர் மறைந்தபின் அது மாணவனாகிய என்னை அடைந்தது. அதை ஓடவைப்பது எனக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆயினும் 1955இல் சென்னையில் வேரூன்றிய அதன் கிளை தழைத்தது. அங்கு செய்த பாகங்கள் பல ரெடிச் எஞ்சினுக்கும் பொருந்தும். ஆகவே பாகம் கிடைப்பதில் தொல்லையில்லை. எதைத் தேர்வது என்பதே கேள்வி.

இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடின் கீழ்முனைக்கும் கிராங்க் பின்னுக்கும் இடையே ஒரு மிதக்கும் புஷ் உண்டு. இரு பக்கமும் எண்ணெய்ப் படலம் தாங்க, அது தன்போக்கில் சுழலும். அதை நீக்கி உருளைத் தாங்கி போடுவோரும் உளர். குறைந்த எண்ணெயிலும் அது சமாளிக்கும், விலையும் கூடுதல். முதல் முறை நான் கடையிலிருந்த மலிவான புஷ்ஷை வாங்கினேன். அது நொறுங்கியதும் அதையே சபித்தேன். "இம்முறை உருளைதான்" என்று சொல்லி, தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பிட்டர் அண்ணனிடம் எஞ்சினை ஒப்படைத்தேன்.

அவர் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புஷ்ஷை ஏன் ஏசுறீங்க மாஸ்டர்? இது தேஞ்சி சாகல்ல. எண்ணெய் கெடைக்காம செத்திருக்கு."

காட்டினார். எண்ணெய்ப் பம்பின் தட்டில் ஆழமான கீறல்கள். வழியெங்கும் தார்போல் கறுத்த கசடு. கம்பளி வடிகட்டியை மாற்றியதே இல்லை. "உருளை போட்டாலும் இதே எண்ணெயத்தானே குடிக்கணும்? கொஞ்ச நாள் கூடத் தாங்கும், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. இம்மலைகளின் கணக்கும் இதுவன்றோ! றப்பரும் தேயிலையும் செழிக்க உழைத்தவர்களிடமிருந்து 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. இடதுசாரிகளும் அங்கம் வகித்த அரசு 1964இல் செய்த ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. பிட்டர் அண்ணனின் மூத்தவர் அவர்களில் ஒருவர். தேய்ந்த பாகத்தைக் கழற்றுவதில் ஆள்வோர் காட்டிய வேகத்தை, எண்ணெய் வழியைத் திறப்பதில் கண்டோமா?

ஆள்வோரைமட்டும் குறைசொல்லி நான் தப்ப இயலாது. முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். முதற் பாடவேளையிலேயே உறங்கிவிழும் ஒரு சிறுவனை 'மக்கு' என்று பின்வரிசைக்குத் தள்ளினேன். வெறுந் தேநீர் மட்டும் குடித்துவிட்டு இரண்டு மைல் நடந்து வருகிறான் என்று, அவன் பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடையொன்றுக்குப் போனபின்தான் அறிந்தேன். அன்று நான் புஷ்ஷைச் சபித்தேனேயன்றி எண்ணெய் வழியைப் பார்க்கவில்லை.

இறுதியில் புஷ்ஷையே போட்டோம். ஆனால் மைக்ரோமீட்டரால் அளந்து, தரமானதைத் தேர்ந்து போட்டோம். பம்புக்குப் புதிய தட்டுகள் வைத்து, அவை அமரும் இடத்தை நுண்பசையிட்டுத் தேய்த்துச் சமன்செய்தோம். வழிகளைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, பறக்கும் சக்கரங்களின் கோணலை நேராக்கினோம். புஷ்ஷின் விலையைவிட இவற்றுக்கே செலவு கூடுதல்.

வண்டி இப்போது கினிகத்தேனை ஏற்றத்தைத் தட்டாமல் ஏறுகிறது. புறப்படுமுன் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறேன். ஓய்வுபெற்ற பின் கற்ற பழக்கம் இது. பணியிலிருக்கும் ஆசிரிய நண்பர்களே, நீங்கள் வகுப்பில் நுழையும்போதே இப்பழக்கத்தைத் தொடங்குங்கள்.