"மாட்டு டொக்டர்" ஆக விரும்பும் பிள்ளைக்கு



ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு படிவம் கொடுப்போம். பத்தாம் தரத்தில் எந்தத் தொகுதிப் பாடங்களை எடுக்கப் போகிறாய், எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று அதில் கேட்டிருக்கும். டொக்டர், இன்ஜினியர், டீச்சர் என்றுதான் பெரும்பாலும் வரும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மகள் "மிருக வைத்தியர்" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பிள்ளையை அந்த வழிக்குத் தயார்படுத்த நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். பாலமுனையிலும் பக்கத்து ஊர்களிலும் இதே ஆசையோடு இருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாவுக்கு உதவலாம். வீட்டாரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறோம், பெயர் மட்டும் வேண்டாம். நாங்கள் என்றால் ஒரே பாடசாலையில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் கற்பிக்கும் மூன்று பேர்.

வீட்டில் மூன்று தடைகள் இருந்தன. வாப்பா உழவு மெஷின் ஓட்டுபவர். "சேர், பயோ படிக்கிற அளவுக்குக் கெட்டித்தனம் இருந்தா மனிசருக்கு டொக்டராகலாமே. மாட்டு டொக்டரெண்டா ஊர் சிரிக்குமே" என்றார். மூத்தம்மாவின் கவலை வேறு: "நாயையும் தொடணுமே மகன், பொம்புளப் புள்ள?" மாமா சொன்னது, "இவ ஆடு வித்தாலே அழுற புள்ள. இவ எப்படி ஊசி போடுவா?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். அதனால் "ஆசையைத் தடுக்காதீர்கள்" என்று பிரசங்கம் செய்யப் போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம்: "காக்கா, இன்னும் முடிவெடுக்க வேண்டாம். சாதாரண தரம் வரைக்கும் இந்தப் பிள்ளை இதைக் கிட்ட நின்று பார்க்கட்டும். பார்த்த பிறகும் ஆசை இருந்தால் பேசுவோம்." ஒத்துக்கொண்டார்.

மிருகங்களில் இரக்கம் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அது நல்ல குணம், ஆனால் தொழிலுக்கு அது மட்டும் போதாது. இந்தப் பிள்ளையிடம் எங்களுக்குப் பிடித்தது இரக்கத்தைவிட அவளுடைய கேள்விகள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மட்டக்களப்புப் பக்கம் இருக்கும் அவளுடைய உறவினரின் பட்டியிலும் நான்கு கன்றுகள் செத்தன. அப்போது ஏழாம் தரம். "நம்ம ஊர்க் குளிருக்கு மாடு எப்படி சேர் சாகும்? நுவரெலியாவில மாடு இருக்குதே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நுவரெலியா மாடு தொழுவத்தில் நிற்கிறது, தீனி தின்கிறது, உடம்பில் கொழுப்பு இருக்கிறது. நம் பக்கத்துப் பட்டி மாடு திறந்த வெளியில் நிற்பது. பெரும்போக விதைப்பு தொடங்கியதும் வட்டைக்குள் மேய முடியாது, மேய்ச்சல் தரையும் சுருங்கிவிட்டது. மெலிந்த உடம்பு, நாள் முழுக்க நனைந்த தோல், அதன் மேல் பலத்த காற்று. உடம்புச் சூட்டைக் காப்பாற்ற எரிக்க உள்ளே ஒன்றும் இல்லை. கன்றுகள்தான் முதலில் விழும். இதை விளக்கியபோது அவள் அழவில்லை. "அப்ப கூரையும் தீனியும் இருந்திருந்தா தப்பியிருக்கும்" என்றாள். அப்போதே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு கொப்பியிலிருந்து தொடங்கினோம். வீட்டில் உம்மா வளர்க்கும் ஆறு ஆடுகளுக்கும் ஆளுக்கொரு பக்கம். எப்போது கிடாய்க்குப் பட்டது, எப்போது குட்டி போட்டது, என்ன தின்றது, எப்போது கழிந்தது என்று எல்லாம் எழுத வேண்டும். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள் என்று புத்தகத்தில் இருப்பதை, தன் கொப்பியிலேயே எண்ணிப் பார்த்தாள். மூன்று நாள் வித்தியாசத்தில் சரியாக வந்தது. வெப்பமானியில் 39 பாகை செல்சியஸ் காட்டியதும் காய்ச்சல் என்று பயந்தாள். நமக்குக் காய்ச்சலாகும் சூடு ஆட்டுக்கு இயல்பு என்பதை அன்று கற்றாள்.

கணிதம் அவளுக்குக் கசப்பு. 40 புள்ளியைத் தாண்டுவது கஷ்டம். அதற்கும் ஆடுதான் மருந்தானது. தராசு இல்லாமல் நிறை அறிய ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து வர்க்கிக்க வேண்டும், அதை உடம்பின் நீளத்தால் பெருக்கி 300 ஆல் வகுக்க வேண்டும். வருவது இறாத்தல். அவளுடைய கறுப்பாட்டுக்குச் சுற்றளவு 28, நீளம் 24. விடை 62.7 இறாத்தல், அதாவது 28 கிலோ சொச்சம். நெல் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தால் 27. "ஒரு கிலோதான் சேர் பிழை!" என்று கத்தினாள்.

அதுவரை அந்த வீட்டில் எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி பூச்சி மருந்து. பெரிய ஆட்டுக்கு அது காணாது. காணாமல் கொடுத்தால் பலமான பூச்சிகள் தப்பிப் பெருகும், பிறகு அந்த மருந்தே வேலை செய்யாது. நிறையைக் கணக்கிட்டு, மருந்துப் போத்தலில் உள்ளதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிலீற்றர் என்று அவளே எழுதினாள். மருந்தைக் கொடுக்கும் முன் அந்தக் கணக்கைக் கால்நடை போதனாசிரியர் ஒருவரிடம் காட்டச் சொன்னோம். அந்தத் தவணை கணிதத்தில் 61.

போத்தலில் உள்ள எழுத்து ஆங்கிலம். பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிப்பதும் ஆங்கிலத்தில்தான். அதனால் வாரம் ஒரு பக்கம், ஒரு மிருகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். முதல் ஆறு மாதம் சிவப்பு மைதான் அதிகம். இப்போது பரவாயில்லை.

விடுமுறை ஒன்றில் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அரச மிருக வைத்தியப் பணிமனை ஒன்றுக்குப் போனோம். சினிமாவில் வருவது போல எதுவும் இல்லை. தடுப்பூசிப் பதிவு, செயற்கை முறைச் சினைப்படுத்தல், படிவம், கையொப்பம், கோழிக்கு என்ன வருத்தம் என்று கேட்டு வந்த பெண்கள். பிற்பகல் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்று, கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தார்கள். பசு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. வைத்தியர் கையைக் கழுவிக்கொண்டே பிள்ளையிடம் சொன்னார்: "மகள், மாட்டோட கதைக்கிறத விட மாட்டுக்காரரோட கதைக்கிறதுதான் எங்கட வேலையில அதிகம். அதுக்கும் ஆயத்தமாகு." அந்தப் பசுவின் சொந்தக்காரி கணவனை இழந்தவர். பால் விற்ற காசில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. பசு பிழைத்ததால் அவர் அழுததைப் பிள்ளை பார்த்தாள். வாப்பா பயந்த ஊர்ச் சிரிப்புக்கு இதைவிடப் பதில் எங்களிடம் இல்லை.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னர் கறுப்பாட்டை உழ்ஹிய்யாவுக்கு விற்றார்கள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமா.

நாங்கள் அவளோடு உட்கார்ந்து ஒளிக்காமல் பேசினோம். இந்தத் தொழிலில் நீ பார்க்கப் போகும் மிருகங்களில் பாதிக்கு மேல் பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்ப்பவை. அறுப்பதற்கு முன் மாடு நோயில்லாததா என்று பார்ப்பதும் மிருக வைத்தியரின் வேலைதான். அறுக்கும் மிருகத்தைக்கூட வதைக்காதே, கத்தியைக் கூர்மையாக்கிக்கொள் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. அப்படியென்றால் அது உயிரோடு இருக்கும் நாளெல்லாம் பசியில்லாமல், நோயில்லாமல், பயமில்லாமல் இருக்கப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? அழுகை வந்தால் அழு, அது குறையல்ல. அழுதுவிட்டு மற்ற ஐந்து ஆட்டுக்கும் தண்ணீர் வைக்க எழும்புவாயா என்பதுதான் கேள்வி. மூன்றாம் நாள் கொப்பியில் கறுப்பாட்டின் பக்கத்தை அவளே முடித்து வைத்தாள்: விற்ற திகதி, நிறை, விலை. பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

மூத்தம்மாவின் கேள்விக்கு ஊர் ஆலிம் ஒருவரே வீட்டுக்கு வந்து பதில் சொன்னார். வைத்தியத்துக்காக நாயைத் தொடுவதில் தடையில்லை. ஈரத்தோடு பட்டால் நம் ஷாபிஈ மத்ஹபின்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவிக்கொண்டால் சரி. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸையும் ஞாபகப்படுத்தினார். "மாட்டு டொக்டர்" என்று சிரிப்பவர்களுக்கு நாங்கள் ஒன்று சொல்வோம்: தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதி 1248 இல் டமஸ்கஸில் வபாத்தான அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்கே மிருக வைத்தியரின் மகன் என்றுதான் அர்த்தம்.

நம்ம பகுதிக்கு இந்த ஆட்கள் எவ்வளவு தேவை என்பதற்குப் பள்ளக்காட்டுக் குப்பைமேடு ஒன்றே போதும். அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. செத்த யானைகளை வெட்டிப் பரிசோதித்த வனவிலங்கு மிருக வைத்தியர் நிஹால் புஷ்பகுமார, வயிற்றுக்குள் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் சமிக்காத பொருட்களும் தண்ணீரும்தான் கிடந்தன என்றார். அந்தப் பொலித்தீன் நம் வீடுகளிலிருந்து போனது. யானை எதனால் செத்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் இருந்ததால்தான் நமக்கு இது தெரிய வந்தது.

இனி வழிகள். பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான்.

1. மிருக வைத்தியர் ஆக: உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அம்பாறை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கஷ்டமான போட்டிதான், எட்டாத உயரமல்ல.

2. அந்த இசட் புள்ளி வராவிட்டால் கனவு முடிந்துவிடாது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். பண்ணை, தீவனம், பால் உற்பத்தி, ஆராய்ச்சி என்று வேலைகள் பரந்தவை.

3. டிப்ளோமா: நம்ம பாலமுனையிலேயே விவசாயக் கல்லூரி இருக்கிறது. கால்நடைக்கென்றே குண்டசாலையில் கல்லூரி இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பட்டிக்காரரோடு வேலை செய்யும் கால்நடை போதனாசிரியர்கள் இந்தப் பாதையில் வருபவர்கள்தான்.

4. காட்டு மிருகங்களில் ஆசை என்றால் வனசீவராசிகள் திணைக்களம். அதன் பயிற்சி நிலையம் கிரிதலையில். குமணையும் லாகுகலையும் கல்ஓயாவும் நமக்குக் கிட்டத்தான் இருக்கின்றன.

பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடமாக விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் எடுப்பது எந்த வழிக்கும் நல்ல அடித்தளம்.

ஒரு எச்சரிக்கையும் கட்டாயம் வேண்டும். ஆசை இருக்கிறதென்று பிள்ளையைத் தெருநாயிடமும் பட்டிக்கும் தனியாக அனுப்பாதீர்கள். விசர் நாய்க்கடி உயிரைக் கொல்லும். கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருக்கலைந்த ஆடு மாட்டின் கழிவை வெறுங்கையால் தொடக்கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. புறூசெல்லா போன்ற நோய்கள் அப்படித்தான் மனிதருக்கு வருகின்றன. பதினான்கு வயதில் ஊசி பிடிக்கத் தேவையில்லை. பார்ப்பது, அளப்பது, எழுதுவது, கேட்பது போதும்.

இப்போது பிள்ளை பதினோராம் தரம். பேராதனைக்குப் போவாளா, குண்டசாலைக்குப் போவாளா, இல்லை மனம் மாறி வேறு ஏதாவது படிப்பாளா, அல்லாஹ்தான் அறிவான். மாறினாலும் இந்த இரண்டு வருடம் வீணல்ல. கணிதத்தில் பயம் போய்விட்டது, ஆடுகள் பதினொன்றாகிவிட்டன. வாப்பா சென்ற மாதம் அக்கரைப்பற்றுக்குப் போய், யாரும் கேட்காமலே ஒரு புதிய வெப்பமானியும் அளவு நாடாவும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்.

இதை வாசிக்கும் மிருக வைத்தியர்கள், கால்நடை போதனாசிரியர்கள், பண்ணை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். தவணை விடுமுறையில் ஒரே ஒரு நாள், பெற்றோரோடு வரும் இரண்டு மூன்று பிள்ளைகளை உங்கள் வேலையைப் பார்க்க விடுவீர்களா? முடியுமென்றால் கீழே சொல்லுங்கள், பிள்ளைகளை நாங்களே கூட்டிக்கொண்டு வருகிறோம். 2022 இல் பால்மா பக்கெட்டுக்கு வெயிலில் வரிசையில் நின்ற நமக்கு, நல்ல மாட்டு டொக்டர் ஒருவரின் பெறுமதி தெரியாமல் இருக்காது.